வாசற்படியில் ஓர் ஈயத் துண்டு: வண்ணக் கண்ணாடிக் கலைஞரின் வீட்டில் ஆவணப்படம் எடுத்தபோது நடந்தவை

புதுச்சேரியில் ஒரு வீட்டுக்கு ஆவணப்படம் எடுக்கப் போனோம். படம் முடிவதற்குள் அந்த வீட்டின் நடைமுறையே மாறிவிட்டது. மாறியதற்கு நாங்களும் காரணம். படக்குழுவில் மூன்று பேர்: இயக்கமும் ஒலிப்பதிவும் நான், ஒளிப்பதிவாளர் ஒருவர், படத்தொகுப்போடு மற்ற உதவிகளையும் பார்த்துக்கொண்ட இளம் பெண் ஒருவர். இந்தக் குறிப்பை அந்த வீட்டார் படித்துப் பார்த்துச் சரி சொன்னார்கள். பெயர்களை விட்டுவிட்டேன். வீடுகளுக்குள் போய்ப் படம் எடுக்கிறவர்களுக்கும், வீட்டிலேயே ஈய வேலை செய்கிறவர்களுக்கும் இது உதவ வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

கலைஞருக்கு அப்போது வயது 52. அவருடைய அப்பா கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். சாமி படங்களுக்குச் சட்டம் போடுவது, பீரோவுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுப்பது என்று ஓடிய கடை. பத்து வயதிலேயே கட்டர் பிடித்துப் பழகிவிட்டதாகச் சொன்னார். திருமணமாகி வந்த இடத்திலும் கண்ணாடிக் கடைதான். முப்பதைத் தாண்டிய பிறகு, ஒரு பழைய தேவாலயத்தின் சன்னல்களைச் சீர்செய்ய வந்த முதியவர் ஒருவருக்கு எடுபிடியாகப் போயிருக்கிறார். ஈயப் பட்டை வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டார். பிறகு செட்டிநாட்டு வீடுகளில் கதவுகளுக்கு மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடிகளை மாற்றிக் கொடுத்தார். சிற்றாலயங்களும் கூப்பிட்டன. நாங்கள் போனபோது இந்தத் தொழிலில் அவருக்கு இருபது ஆண்டு ஆகியிருந்தது.

புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குள் போனவர்கள் இந்தக் கலையைப் பார்த்திருப்பார்கள். 1907இல் கட்டி முடிந்த கோயில் அது. சுவரின் மேற்பகுதியில் 28 வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புனிதர். தூரத்தில் இருந்து ஓவியம் மாதிரி தெரிந்தாலும் இதில் நிறத்தைப் பெரும்பாலும் மேலே பூசுவதில்லை. கண்ணாடி உருகிக் குழம்பாக இருக்கும்போதே உலோகச் சேர்மங்களைக் கலந்துவிடுகிறார்கள். கோபால்ட் சேர்த்தால் நீலம் வரும், தங்கம் சேர்த்தால் ரோஜாச் சிவப்பு வரும். முகத்தின் கோடுகள், துணி மடிப்புகள் போன்றவற்றை இரும்பு ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்த மையால் வரைந்து சூளையில் சுடுவார்கள். மஞ்சளுக்கு மட்டும் தனி வழி. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்புறம் தடவிச் சுட்டால் அது உள்ளே இறங்கி மஞ்சளாகிவிடும். ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருக்கும் உத்தி இது. "ஸ்டெயின்ட் கிளாஸ்" என்ற ஆங்கிலப் பெயரில் இருக்கும் "ஸ்டெயின்" (கறை) என்ற சொல் உண்மையில் பொருந்துவது இந்த மஞ்சளுக்குத்தான்.

அறுத்த துண்டுகளைச் சேர்ப்பது ஈயப் பட்டை. இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்துக்குள் கண்ணாடியின் ஓரம் உட்காரும். பட்டைகள் சந்திக்கும் இடத்தில் சால்டர் என்ற உலோகக் கம்பியை உருக்கி வைத்துப் பற்றவைப்பார்கள். கடைசியில் சுண்ணத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்த மக்கை இடுக்குகளில் அடைப்பார்கள்.

அவர் கையில் இருந்த வேலை, கடலோரக் கிராமம் ஒன்றின் சிற்றாலயத்துக்குக் கிழக்குச் சன்னல். ஐந்தடி உயரம், மூன்றடி அகலம். "புனிதர் படம் நிறைய இருக்கு, எங்க கடலைப் போட்டுக் குடுங்க" என்று ஊர்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். அதனால் விடியற்காலைக் கடல், ஒரு படகு, விரியும் வலை என்று வரைந்திருந்தார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து விசைப்படகுகள் கிளம்புவதற்கு முன் சன்னலை மாட்டி மந்திரித்துவிட வேண்டும் என்று பேச்சு.

மார்ச் முதல் வாரத்தில் படப்பிடிப்பைத் தொடங்கினோம். ஒரு சன்னல் உருவாகும் கதையைக் காகிதத்தில் போடும் முதல் கோட்டிலிருந்து ஆலயத் தரையில் விழும் வண்ண ஒளி வரை சொல்வது எங்கள் திட்டம். இருபது நிமிடப் படம், பன்னிரண்டு நாள் படப்பிடிப்பு.

முதல் நான்கு நாள்

பட்டறை என்று தனியாக எதுவும் இல்லை. வீட்டின் பின்தாழ்வாரத்தில் ஒரு நீள மேசை, சுவரோரம் கண்ணாடி அடுக்கும் மர அலமாரி, மூலையில் சிறிய மின்சூளை. தாழ்வாரத்தை ஒட்டிச் சமையலறை. நடுவில் ஒரு வாசற்படி, கதவு கிடையாது. வீட்டில் கணவர், மாமியார், அப்புறம் பிரசவத்துக்கு வந்திருந்த மகள். ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்து கூட்டிவந்திருந்தார்கள். அவளுடைய மூத்த பையனுக்கு இரண்டு வயது.

அந்த நான்கு நாளும் நாங்கள் அந்த வீட்டோடு சண்டை போட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். குக்கர் விசில் அடித்தால் நிறுத்தினோம், மிக்ஸி ஓடினால் நிறுத்தினோம். ஒளிப்பதிவாளருக்கு வேறு சிக்கல். வண்ணக் கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது நிறத்தைக் காப்பாற்றினால் முகம் இருட்டாகிவிடும், முகத்தைக் காப்பாற்றினால் கண்ணாடி வெளுத்துவிடும். அதனால் மேசையை நகர்த்தச் சொன்னோம், "அக்கா, இன்னொரு தடவை அதே மாதிரி தூக்கிப் பாருங்க" என்றோம். அவரும் முகம் கோணாமல் செய்தார். நான்காம் நாள் இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு காட்சியும் அழகாக இருந்தது, ஒன்றில்கூட உயிர் இல்லை. அவர் எங்களுக்காக நடித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு காட்சி வேறு மாதிரி இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் காமிராவை அணைக்க மறந்திருந்தோம். அவர் நீலக் கண்ணாடித் துண்டு ஒன்றோடு சமையலறைக்குள் போகிறார். அடுப்புக்கு மேலே இருக்கும் சன்னலில் அதைப் பிடித்துப் பார்க்கிறார், திருப்பிப் பிடிக்கிறார். மாமியார் முருங்கைக்காய் நறுக்கியபடியே "இது ராத்திரி கடல் மாதிரி இருக்கே, விடியக் கடல் இல்லையே" என்கிறார். கலைஞர் மூன்று வினாடி யோசித்து, "ஆமா அத்தே" என்று துண்டைக் கீழே வைத்துவிட்டு, "புளி கரைச்சாச்சா?" என்று கேட்கிறார்.

அந்தச் சன்னலின் நிறம் அப்போதுதான் முடிவானது. நாங்கள் ஒளியமைத்துக் காத்திருந்த மேசையில் அது நடக்கவில்லை.

முதல் முடிவு

அன்று இரவே திட்டத்தை மாற்றினோம். இனி யாரையும் அமைதியாக இருக்கச் சொல்வதில்லை, எதையும் மறுபடி செய்யச் சொல்வதில்லை. வீடு பரபரப்பாக இருக்கும் காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை காமிராவை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட விட்டுவிடுவது. பகலில் படம் எடுப்பதே இல்லை. குழல்விளக்கு மினுங்காமல் இருக்க நொடிக்கு 25 சட்டம் (ஃப்ரேம்), ஷட்டர் 50இல் ஒரு பங்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கு ஒத்துப்போகும். ஒளியளவைக் கண்ணாடிக்கு வைத்தோம். முகம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு தெரியட்டும். பன்னிரண்டு நாள் என்ற கணக்கையும் விட்டோம்.

படம் உயிர் பெற்றது. மகளின் கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே வலை எந்தப் பக்கம் விரிய வேண்டும் என்று அம்மாவும் மகளும் பேசினார்கள். மின்சாரம் போன ஒரு காலையில் சூளை பாதியில் அணைந்து படகோட்டியின் முகம் வரைந்த துண்டு பாழானது. அவர் அதை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு இட்லிக்கு மாவு ஊற்றப் போனார்.

இந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் காமிராவை ஓடவிட்டு நாங்கள் விலகி நின்றதில், பார்க்கும் வேலையையும் அதனிடமே விட்டுவிட்டோம். அதன் விளைவு ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

பதினான்கு வினாடி

பதினோராம் நாள் காட்சிகளைத் தொகுப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை அறுக்கும் நீளமான காட்சி. சட்டத்தின் நடுவில் கலைஞரின் கைகள். அதன் வலது ஓரத்தில், குவியத்துக்கு வெளியே மங்கலாக, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. அவன் தரையிலிருந்து எதையோ எடுக்கிறான். அறுத்துப்போட்ட ஈயப் பட்டையின் விரல் நீளத் துண்டு. அதை வாயில் வைத்துச் சப்புகிறான். பதினான்கு வினாடிக்குப் பிறகு கலைஞரின் மாமியார் குரல் கேட்டுக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான்.

அந்த நேரத்தில் நானும் ஒளிப்பதிவாளரும் தாழ்வாரத்தில்தான் நின்றிருந்தோம். அவர் திரையில் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹெட்ஃபோனில் கட்டரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய காட்சிகளையும் தேடிப் பார்த்தோம். வாயில் வைத்தது வேறெங்கும் பதிவாகவில்லை. வேறு நிறைய தெரிந்தது. மேசையைத் துடைத்த துணி சமையலறைக் கதவில் தொங்குகிறது. சால்டர் வைத்த கையோடு அவர் குழந்தைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுக்கிறார். தென்னந்துடைப்பத்தால் தாழ்வாரத்தைப் பெருக்கும்போது காலை வெயிலில் தூசி எழும்புகிறது. அந்தத் தூசிக் காட்சியை நாங்கள் மிகவும் விரும்பி, படத்தின் முதல் காட்சியாக வைப்பதென்று பேசிவைத்திருந்தோம்.

இரண்டாம் முடிவு: சொல்வது

எங்களுக்குள் கருத்து ஒன்றாக இல்லை. ஒளிப்பதிவாளர் தயங்கினார். "இருபது வருஷமா இதுதான் அவங்க வாழ்க்கை. நாம மூணு வாரம் வந்துட்டு மருத்துவம் சொன்னா எப்படி இருக்கும்? படப்பிடிப்பு முடிஞ்சதும் சொல்லலாமே" என்றார். அவர் கவலை படத்தைப் பற்றி மட்டும் இல்லை. பேற்றுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் பயத்தைக் கிளப்புவதா என்ற தயக்கமும் அதில் இருந்தது. தொகுப்பாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "நாளைக்குக் காலையில் அவன் மறுபடி எடுத்தா, காமிராவை ஓடவிடப் போறோமா?"

இரவு முழுக்கப் படித்தோம். நாங்கள் உறுதி செய்துகொண்டவை இவை. குழந்தைகளின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்குகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் தாயின் ரத்தம் வழியே போகும். பல ஆண்டுகளாக எலும்பில் தங்கிய ஈயம்கூடக் கர்ப்ப காலத்தில் ரத்தத்துக்குத் திரும்பும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

இதற்கு மேல் காத்திருக்க எங்களிடம் காரணம் இல்லை. மறுநாள் காமிராவை எடுத்துப் போகவில்லை. தொகுப்பாளரும் நானும் மட்டும் போனோம். அந்தப் பதினான்கு வினாடியை எடுத்துப்போய்க் காட்டுவதா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தோம். குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும். முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டோம்.

காரீயமும் வெள்ளீயமும்

அவருக்கு ஓரளவு தெரிந்திருந்தது. "ஈயப் புகை ஆகாதுன்னு பெரியவர் சொல்லியிருக்கார் தம்பி. அதனாலதான் பத்தவைக்கும்போது ஃபேனைப் போட்டுச் சன்னலைத் திறந்துடுவேன்" என்றார். இருபது ஆண்டாக அதைத் தவறாமல் செய்திருக்கிறார். நாங்கள் படித்த அளவில், பற்றவைக்கும் சூட்டில் ஈயம் அதிகமாக ஆவியாவதில்லை. அப்போது எழும் புகை பெரும்பாலும் பற்றவைக்கத் தடவும் ஃப்ளக்ஸிலிருந்து வருவது. ஈயம் உடலுக்குள் போகும் முக்கிய வழி தூசியும் கையும். அறுக்கும்போதும், பழைய பட்டையைப் பிரிக்கும்போதும், மக்குத் தூளைத் தேய்த்துத் துடைக்கும்போதும் விழும் தூள் கையில் ஒட்டி வாய்க்குப் போகிறது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்த பெரியவருக்கே தெரிந்திருக்காது.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "ஈயச் சொம்புல ரசம் வச்சுத்தானே நாங்க எல்லாம் வளந்தோம்? பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் வருவானே, அதுவும் விஷமா?" என்று கேட்டார். எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு விளங்கியது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ரசச் சொம்பும் பாத்திரப் பூச்சும் வெள்ளீயம். சன்னல் பட்டை காரீயம். வெள்ளீயம் சமையலுக்கு வந்தது, காரீயம் வரக்கூடாதது. கலைஞரின் மேசையில் இருந்த சால்டர் கம்பியில் இரண்டுமே இருந்தன: நூற்றுக்கு 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். அந்தக் கம்பியை எடுத்துக் காட்டித்தான் பாட்டிக்குச் சொன்னோம். அவர் அதைக் கையில் வாங்காமல் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்க் கதவில் தொங்கிய துணியை எடுத்து வெளியே போட்டார்.

கணவர் மாலையில் கடையிலிருந்து வந்ததும் கோபப்பட்டார். படம் எடுக்க வந்தவர்கள் வீட்டுக்குள் பயத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கலைஞர் எதுவும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "எத்தனை பேருக்கு இந்தக் கையாலே சோறு பிசைஞ்சு ஊட்டியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு எங்களால் ஒரு வார்த்தையும் பதில் சொல்ல முடியவில்லை.

பரிசோதனை

மகளைப் பார்த்துவந்த மருத்துவரிடமே முதலில் போனார்கள். கலைஞர், மகள், குழந்தை மூவருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். அருகில் இருந்த பரிசோதனைக் கூடத்தில் அந்த வசதி இல்லாததால் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கலைஞருக்கும் குழந்தைக்கும் அளவு 5ஐத் தாண்டியிருந்தது. குழந்தைக்குக் கொஞ்சம்தான், கலைஞருக்கு நன்றாகவே. மகளுக்கு 5க்குக் கீழே. இந்த அளவுக்கு மருந்து தேவையில்லை, ஈயம் வரும் வழியை அடைப்பதே வைத்தியம் என்றார் மருத்துவர். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக ஏற்கும் என்பதால் கீரை, கேழ்வரகு, பால், முட்டை ஆகியவற்றைத் தவறாமல் கொடுக்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. வீட்டைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை மகளும் குழந்தையும் வேறு இடத்தில் இருப்பது நல்லது என்றார். அவர்கள் கணவருடைய தம்பி வீட்டுக்குப் போனார்கள். பெண் குழந்தை பிறந்ததும் அங்கிருந்தபடியேதான்.

பரிசோதனைச் செலவைப் படத்தின் கணக்கில் ஏற்றுக்கொள்கிறோம் என்றோம். கணவர் மறுத்துவிட்டார்.

வேலை இடம் மாறியது

பதினெட்டு நாள் கலைஞர் கண்ணாடியைத் தொடவில்லை. பிறகு அவரே ஒவ்வொன்றாக மாற்றினார். மேசையும் சூளையும் கடையின் மாடிக்குப் போயின. உலர்ந்த துடைப்பம் போனது, ஈரத் துணியால் துடைத்து அந்தத் தண்ணீரைத் தனியாக ஊற்றும் வழக்கம் வந்தது. வேலைக்கென்று தனிப் புடவை, அதைத் தனியாகத் துவைப்பது. மாடியில் டீகூடக் குடிப்பதில்லை. இறங்கும் முன் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவுவது. தாழ்வாரத்தை மூன்று முறை கழுவி, பழைய மர அலமாரியை அப்புறப்படுத்தினார்கள். சிறிய அலங்காரப் பொருட்களுக்குத் தாமிரத் தாள் ஒட்டி ஈயம் கலக்காத சால்டர் வைக்கப் பழகினார். பெரிய சன்னல்களுக்குக் காரீயப் பட்டையையே வைத்துக்கொண்டார். வளைவுகளுக்கு அது போல எதுவும் வளைந்துகொடுக்காது என்பது அவர் அனுபவம்.

இதில் அவர் இழந்தது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டாக உலையை வைத்துவிட்டு ஒரு துண்டு அறுப்பார், குழம்பு கொதிப்பதற்குள் இன்னொன்று. அந்த இடைவெளிகளில்தான் அவருடைய கலை வளர்ந்தது. இப்போது மாடிக்குப் போனால் போனதுதான், மதியம்தான் இறங்குவார். சமையலை மாமியாரும் கணவரும் பிரித்துக்கொண்டார்கள். கணவர் அறுபது வயதை நெருங்கும்போது சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். மாமியார் காய் நறுக்கிக்கொண்டே நிறம் பார்த்துச் சொல்வது நின்றுபோனது. ஒரு நாள் கலைஞர் துண்டை நன்றாகக் கழுவி, உறையில் போட்டு, அவரிடம் காட்டக் கொண்டுவந்தார். பாட்டி தூர நின்றே பார்த்துச் சொன்னார்.

எங்கள் படத்துக்கு உயிர் கொடுத்த விஷயம் அந்த வாசற்படிதான். அதை நாங்களே அடைத்தோம்.

எதை வைத்தோம், எதை விட்டோம்

ஏப்ரல் கடைசியில் கலைஞரே கூப்பிட்டார். படத்தை நிறுத்திவிடுவதா, தொடர்வதா என்று முடிவெடுக்கும் உரிமை அவருடையது என்று முன்பே சொல்லியிருந்தோம். தொடரலாம், நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்றார். அவர் வைத்த நிபந்தனைகள் இரண்டு: பேரன் முகம் எங்கும் வரக்கூடாது, மகள் உடம்பைப் பற்றி எதுவும் வரக்கூடாது.

பதினான்கு வினாடியை அவர் கண் முன்னால் அழித்தோம். பிரதிகளையும் அழித்தோம். பார்ப்பவர்களை உலுக்கக்கூடிய காட்சிதான் அது. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனாகும்போது, அவன் உடம்பைப் பற்றிய ஒரு செய்தி ஊர் பார்க்கும் படத்தில் இருக்கும். அதற்குச் சம்மதம் சொல்ல இரண்டு வயதில் யாராலும் முடியாது. பெற்றவர்கள் சரி என்றாலும் நாங்கள் வைத்திருக்க மாட்டோம் என்றுதான் நம்புகிறேன்.

பெருக்கும்போது தூசி எழும் காட்சியை வைத்தோம், ஆனால் முதலில் இல்லை. படத்தின் நடுவில் வருகிறது. அதன் மேல் கலைஞரின் குரல்: "இதை நான் அழகுன்னு நினைச்சுப் பெருக்கல, நீங்க அழகுன்னு எடுத்திருக்கீங்க. ரெண்டு பேருக்கும் தெரியல." இந்தக் குரலைச் சேர்க்கும்போது அவர் எங்களோடு தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

சன்னல் ஏறிய நாள்

ஜூன் 14 தவறிப்போனது. சன்னல் இல்லாமலேயே படகுகள் கடலுக்குப் போயின. கலைஞர் பங்குத்தந்தையிடம் நேரில் போய்க் காரணத்தைச் சொன்னார். அவர் ஊரில் பேசி அவகாசம் வாங்கிக் கொடுத்தார். ஜூலை கடைசியில் சன்னலை மூன்று பாகமாகப் பிரித்து, நெட்டுக்குத்தாகக் கட்டி, சிறு லாரியில் கொண்டுபோனோம். படுக்கப்போட்டால் குலுங்கும்போது நடுவில் தொங்கி உடையும்.

கடற்காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பினால் கல்லும் வெடிக்கும், கண்ணாடியும் வெடிக்கும். அதனால் தாங்கும் குறுக்குக் கம்பிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு போட்டார். பட்டையில் பற்றவைத்திருந்த தாமிரக் கம்பிகளை அந்த எஃகில் முறுக்கிக் கட்டினார். ஏற்றி முடிக்க ஒன்றரை நாள் ஆனது.

மறுநாள் அதிகாலை ஆலயத்துக்குள் காத்திருந்தோம். ஆறரை மணிக்கு மேல் வெயில் கண்ணாடியில் ஏறியது. முதலில் வெளிர்நீலம், பாட்டி சொன்ன விடியல் நீலம். பிறகு படகின் மஞ்சள். அது வெள்ளி வைத்துச் சுட்டது. தரையில் நிறம் விழுந்தபோது மீன் கூடையோடு வந்த ஒரு பெண்மணி கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்து, அந்த நீலத்துக்குள் வெறுங்காலை வைத்துப் பார்த்தார். அதை எடுத்தோம். யாரையும் எதையும் மறுபடி செய்யச் சொல்லவில்லை.

அந்த மாதமே மறுபரிசோதனை முடிவும் வந்தது. குழந்தைக்கு 5க்குக் கீழே இறங்கியிருந்தது. கலைஞருக்குக் குறைந்திருந்தது, இன்னும் குறைய வேண்டும்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

தொகுப்பு முடிந்ததும் மூவரும் உட்கார்ந்து பேசி எழுதிவைத்தோம். மிகப் பெரிய தவறு, படத்துக்கு முன் செய்த ஆராய்ச்சியில் இருந்தது. கண்ணாடியின் வரலாறு படித்தோம், பசிலிக்காவுக்குப் போய்ச் சன்னல்களை எண்ணினோம். அவர் கையில் இருக்கும் பொருள் என்ன, அது உடம்புக்கு என்ன செய்யும் என்று ஒரு மாலை செலவழித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இப்போது எந்தத் தொழிலைப் படம் எடுத்தாலும் அந்த மாலையை ஒதுக்குகிறோம். சாயப்பட்டறை, தோல், வெள்ளிப் பட்டறை எதுவானாலும் சரி.

அடுத்தது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூவரில் ஒருவர் காமிரா, ஒலி எதையும் தொடாமல் அறையைப் பார்ப்பதற்கென்றே நிற்கிறோம். எப்போது காமிராவை அணைத்துவிட்டுக் கை நீட்டுவோம் என்பதை வீட்டாரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறோம். இதை முன்பே சொல்லியிருந்தால் அந்தக் கணவருக்கு எங்கள் மேல் அந்தக் கோபம் வந்திருக்காது. பதினோராம் நாள் எடுத்ததைப் பதினோராம் நாள் இரவே பார்த்தோம் என்பது தற்செயல்தான். அன்றன்றைக்கு எடுத்ததை அன்றன்றே பார்ப்பதை இப்போது விதியாக்கியிருக்கிறோம்.

சொல்லும் விதத்தில் இன்னும் எனக்குக் குறை இருக்கிறது. கலைஞரிடம் பேசும் முன் அந்த மருத்துவரிடம் ஆலோசனை கேட்டு, பரிசோதனைக்கு என்ன வழி என்று கையில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த ஆறு நாள் மூன்று நாளாகியிருக்கும்.

திரையிடல்

படம் கடைசியில் 34 நிமிடம் வந்தது. முதல் திரையிடலை அந்தக் கிராமத்தில்தான் வைக்க வேண்டும் என்று கலைஞர் சொன்னார். அடுத்த ஆண்டு தடைக்காலத்தில், மே மாத இரவு ஒன்றில், ஆலயத்தின் பக்கச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டினோம். கடலுக்குப் போகாத நாட்கள் என்பதால் எல்லோரும் ஊரில் இருந்தார்கள். கலைஞரின் மாமியார் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கலைஞரிடம் வந்தார். "அக்கா, வலைக்குக் கட்டுற ஈயக்குண்டு இருக்கே, அது எந்த ஈயம்?" என்று கேட்டார். தடைக்காலத்தில் வலை சரிசெய்யும்போது பழைய குண்டுகளை உருக்கிப் புதிதாக வார்ப்பது அந்த வீடுகளில் வழக்கம். எங்கே உருக்குகிறீர்கள் என்று கலைஞர் கேட்டார். சோறு பொங்குகிற அடுப்பில்தான், பழைய சட்டி ஒன்று அதற்கென்று இருக்கிறது, பிள்ளைகள் குண்டை எண்ணிக் கோத்துத் தருவார்கள் என்றார் அந்தப் பெண். பக்கத்தில் நின்ற இன்னும் மூன்று பேர் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள்.

கலைஞர் அன்று இரவு ஊருக்குத் திரும்பவில்லை. அந்தப் பெண் வீட்டிலேயே தங்கினார். காலையில் நாங்கள் கருவிகளை எடுக்கப் போனபோது, படகு கட்டும் இடத்துக்கு அப்பால் காற்று கடலை நோக்கி வீசும் மணல்மேட்டில் இரண்டு ஆண்கள் கல் கூட்டிப் புது அடுப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். உருக்கும் சட்டி அங்கே வந்திருந்தது. கலைஞர் வாளித் தண்ணீரும் சோப்புமாக நின்று, பிள்ளைகளை வரிசையில் கூப்பிட்டு, விரல் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவிக் காட்டிக்கொண்டிருந்தார்.